உடல் பருமன் சிகிச்சைக்குக் காப்பீடு கிடைக்குமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

உடல் பருமனுக்கான சிகிச்சைச் செலவை மருத்துவக் காப்பீட்டில் பெற முடியுமா என்று கேட்டு வந்த கடிதங்கள் நிறையச் சேர்ந்துவிட்டதால், இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். ஏறக்குறைய எல்லாக் கடிதங்களிலும் ‘பெயரை வெளியிட வேண்டாம்’ என்ற குறிப்பு இருந்தது. நீரிழிவைப் பற்றியோ இதய நோயைப் பற்றியோ எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அப்படிக் கேட்பதில்லை. 2019-21ஆம் ஆண்டின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கும், அதே வயது ஆண்களில் 37 சதவீதம் பேருக்கும் உடல் எடை அளவுக்கு மேல் இருக்கிறது. இத்தனை குடும்பங்களில் உள்ள ஒரு நோயைப் பற்றிக் கேட்பதற்கு யாரும் கூச வேண்டியதில்லை. இருந்தாலும் உங்கள் விருப்பப்படியே ஊர்ப் பெயரை மட்டும் தருகிறேன்.

என் அக்காவுக்கு 43 வயது. உயரம் 158 சென்டிமீட்டர், எடை 94 கிலோ. ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது; இன்சுலின் போட்டும், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி ஒன்பதுக்குக் கீழே இறங்கவில்லை. இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி நீக்கும் ‘ஸ்லீவ்’ அறுவை சிகிச்சை செய்துகொண்டால் நல்லது என்று மருத்துவர் சொல்கிறார். ஐந்தாவது ஆண்டாகப் பாலிசியைப் புதுப்பித்து வருகிறோம். ஆனால் எங்கள் முகவரோ, எடைக் குறைப்புக்கு எந்தக் கம்பெனியும் பணம் தராது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அது உண்மையா?
வாசகி, சேலம்

உண்மையில்லை. முகவர் சொன்னது பழைய நிலைமை. 2019ஆம் ஆண்டு காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ., மருத்துவக் காப்பீட்டில் எவற்றையெல்லாம் விலக்கலாம் என்பதற்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான வாசகங்களை வகுத்தது. அதில் 06 என்ற குறியீட்டு எண்ணுடன் வருவதுதான் உடல் பருமன் பற்றிய விலக்கு. உங்கள் பாலிசிப் புத்தகத்தில் ‘விலக்குகள்’ பகுதியைத் திறந்து இந்த எண்ணைத் தேடி, முகவர் முன்னால் வைத்தே படித்துக் காட்டுங்கள். பருமனுக்கான அறுவை சிகிச்சை அடியோடு கிடையாது என்று அங்கே சொல்லப்படவில்லை. சில நிபந்தனைகளை நிறைவேற்றாத அறுவை சிகிச்சைக்குத்தான் பணம் கிடையாது என்று இருக்கிறது. எனவே, அந்த நிபந்தனைகள் நிறைவேறினால் இந்த விலக்கைக் காட்டி மறுக்க முடியாது.

நிபந்தனைகள் இவை. மருத்துவரின் ஆலோசனையின் பேரில் அறுவை சிகிச்சை நடக்க வேண்டும். அது ஏற்றுக்கொள்ளப்பட்ட மருத்துவ நெறிமுறைக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். நோயாளிக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். இவற்றோடு, பி.எம்.ஐ. என்கிற உடல் நிறை எண் 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 35 முதல் 40க்குள் இருந்தால், பருமனால் வந்த இதயத் தசை நோய், இதயத் தமனி நோய், தூக்கத்தில் மூச்சு நின்றுபோகும் கடுமையான ‘ஸ்லீப் அப்னியா’, கட்டுக்குள் வராத டைப் 2 நீரிழிவு ஆகிய நான்கில் ஏதாவது ஒன்று கூடவே இருக்க வேண்டும். இந்த இரண்டாவது பிரிவில் வருபவர்களுக்கு, அறுவை சிகிச்சை அல்லாத முறைகளில் எடையைக் குறைக்க முயன்று பலன் கிடைக்காமல் போயிருக்கவும் வேண்டும்.

கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் பி.எம்.ஐ. கிடைக்கும். உங்கள் அக்காவுக்கு அது 37.7 வருகிறது. இன்சுலின் போட்டும் சர்க்கரை கட்டுப்படாத நிலை இருப்பதால், நீங்கள் எழுதியுள்ள விவரங்களின்படி அவர் இந்த நிபந்தனைக்குள் வருகிறார்.

ஆனால் வருகிறார் என்பது ஒன்று, வருகிறார் என்று காகிதத்தில் காட்டுவது வேறொன்று. ‘வேறு முறைகளில் முயன்று பலனில்லை’ என்ற பகுதியில்தான் பல கோரிக்கைகள் சிக்கிக்கொள்கின்றன. உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தேன், நடைப்பயிற்சி போனேன் என்று வாய்மொழியாகச் சொல்வதை நிறுவனம் ஏற்காது. டயட்டீஷியனைப் பார்த்த தேதிகளும் அவர் எழுதிக் கொடுத்த உணவுப் பட்டியலும், ஒவ்வொரு முறையும் மருத்துவமனைச் சீட்டில் குறித்த எடையும், சில மாத இடைவெளியில் எடுத்த ஹெச்பிஏ1சி முடிவுகளும், எந்த மாத்திரையிலிருந்து இன்சுலினுக்கு எப்போது மாறினார் என்பதைக் காட்டும் மருந்துச் சீட்டுகளும் வேண்டும். பழைய சீட்டுகளை எறிந்துவிட்டிருந்தால், சர்க்கரைக்கு வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் சிகிச்சை வரலாற்றைச் சுருக்கமாகக் கடிதமாக எழுதி வாங்குங்கள்.

மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன் அனுமதிப் படிவத்தை நிரப்பும்போது அக்காவோ நீங்களோ பக்கத்தில் இருங்கள். நோயின் பெயர் என்ற கட்டத்தில் அவசரத்தில் ‘பருமன்’ என்று மட்டும் எழுதி அனுப்பிவிடுவது நடக்கிறது. பி.எம்.ஐ. எவ்வளவு, கூட இருக்கும் நோய் எது, அது எத்தனை ஆண்டுகளாக இருக்கிறது, இதுவரை என்னென்ன சிகிச்சை நடந்தது என்ற நான்கு விவரங்களும் அறுவை சிகிச்சை நிபுணரின் கடிதத்திலேயே இருந்தால், அதை வாசிக்கும் நிறுவன மருத்துவருக்குக் கேள்வி எழாது. மருத்துவமனைக்கு நிறுவனமே நேரடியாகப் பணம் கட்டும் ‘கேஷ்லெஸ்’ விண்ணப்பத்துக்கு ஒரு மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும் என்பது 2024 மே மாதச் சுற்றறிக்கையின் விதி. இருந்தாலும் இது நாள் குறித்துச் செய்யும் அறுவை சிகிச்சைதான் என்பதால், சில நாட்கள் முன்பாகவே விண்ணப்பித்துவிடுங்கள்.

பாலிசி எடுத்தபோதே சர்க்கரை நோயைத் தெரிவித்திருக்கிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முன்பே இருந்த நோய்களுக்கான காத்திருப்புக் காலம் இப்போது அதிகபட்சம் மூன்று ஆண்டுகள்தான். உங்களுக்கு அது கடந்துவிட்டது. ‘பேரியாட்ரிக்’ எனப்படும் பருமன் அறுவை சிகிச்சைக்கு என்று தனியாக ஓர் உச்சவரம்பு வைத்திருக்கும் பாலிசிகளும் உண்டு. பத்து லட்சத்துக்குப் பாலிசி இருக்கிறதே என்று நம்பிப் போய், இதற்கு மட்டும் பாதிதான் என்று மருத்துவமனையில் தெரியவந்தால் திண்டாட்டமாகிவிடும். அறை வாடகை வரம்பையும் கேட்டுக்கொள்ளுங்கள். வரம்புக்கு மேற்பட்ட அறையில் தங்கினால், அறை வாடகையின் வித்தியாசத்தோடு நிற்காமல், மருத்துவர் கட்டணம் போன்றவற்றிலும் அதே விகிதத்தில் பிடிப்பார்கள். இந்த அறுவை சிகிச்சையில் இரைப்பையை வெட்டி மூடப் பயன்படும் ஸ்டேப்ளருக்கே கணிசமான தொகை ஆகும் என்பதால், உத்தேசச் செலவுச் சீட்டில் அதைத் தனியாகக் காட்டச் சொல்லி வாங்குங்கள். ரோபோ உதவியுடன் செய்வதானால், அந்தக் காரணத்துக்காக மட்டும் மறுக்க முடியாது. ரோபோ அறுவை சிகிச்சை, பாலிசிகள் கட்டாயம் ஏற்க வேண்டிய நவீன சிகிச்சைகளின் பட்டியலில் உள்ளது. அதற்குத் தனி வரம்பு வைக்க மட்டும் நிறுவனத்துக்கு உரிமை உண்டு.

இன்னொன்றையும் குடும்பமாக உட்கார்ந்து பேசுங்கள். ஸ்லீவ் செய்துகொண்டவர்கள் பி12, இரும்பு, கால்சியம் போன்றவற்றை நீண்ட காலம், பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க, எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். இடையிடையே ரத்தப் பரிசோதனையும் உண்டு. டிஸ்சார்ஜுக்குப் பிறகு பாலிசி சொல்லும் நாட்கள் வரைதான் காப்பீடு வரும். அதற்குப் பிந்திய செலவு முழுக்க நம் கையிலிருந்துதான் போகும்.

வாரம் ஒரு முறை போடும் மவுஞ்சாரோ ஊசியை மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். மாதச் செலவு தாங்க முடியவில்லை. என்னிடம் ஏழு லட்சம் ரூபாய்க்குப் பாலிசி இருக்கிறது. பில்லை அனுப்பினால் பணம் வருமா?
வாசகர், திருச்சி

வராது என்று சொல்ல வேண்டியிருப்பதில் எனக்கு வருத்தம்தான். நம் நாட்டின் பெரும்பாலான பாலிசிகள் உள்நோயாளியாகச் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கும், ஒரு நாளுக்குள் முடிந்துவிடும் ‘டே கேர்’ என்ற பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கும்தான் பொறுப்பேற்கின்றன. வீட்டிலேயே போட்டுக்கொள்ளும் ஊசி புறநோயாளிச் செலவு. எடைக்காக எழுதினாலும் சர்க்கரைக்காக எழுதினாலும் இந்த நிலை மாறாது.

சர்க்கரையையும் எடையையும் குறைக்கும் டிர்செபடைடு என்ற இந்த மருந்து 2025 மார்ச்சில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது 2.5 மில்லிகிராம் குப்பி 3,500 ரூபாய், 5 மில்லிகிராம் குப்பி 4,375 ரூபாய் என்று விலை வைத்தார்கள். வாரம் ஒன்று என்றால் மாதத்துக்கு 14,000 முதல் 17,500 ரூபாய். எடைக் குறைப்புக்கான இன்னொரு வார ஊசியான வெகோவி (செமாக்ளூடைடு என்ற மருந்து) அதே ஆண்டு ஜூனில் வந்தது. நவம்பரில் அதன் விலையைக் குறைத்தார்கள். செமாக்ளூடைடின் காப்புரிமை இந்தியாவில் 2026 மார்ச் வரைதான் என்பதால், நம் நாட்டு நிறுவனங்களின் தயாரிப்புகளுக்கும் அதன் பிறகு வழி திறக்கிறது. அந்த மருந்து உங்களுக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடமே கேளுங்கள். விலையைப் பார்த்து நீங்களாக மருந்தை மாற்ற வேண்டாம்.

புறநோயாளிச் செலவுக்கான கூடுதல் பாதுகாப்பை உங்கள் பாலிசியில் சேர்த்திருந்தால் அல்லது உங்கள் அலுவலகத்தின் குழுக் காப்பீட்டில் அது இருந்தால் ஒரு பகுதி கிடைக்க வாய்ப்புண்டு. ஆனால் அவற்றின் ஆண்டு வரம்பு பெரும்பாலும் சில ஆயிரம் ரூபாய்தான். எடைக் கட்டுப்பாட்டு மருந்துகளைத் தனியாக விலக்கியும் இருப்பார்கள். மருந்தைத் தொடங்கும் முன்பே, மருந்தின் பெயரைக் குறிப்பிட்டு மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஊசி போடுவதற்காக ஒரு நாள் மருத்துவமனையில் சேர்ந்ததாகக் காட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அது மோசடி, பிடிபட்டால் பாலிசியே ரத்தாகும்.

மருந்தால் தடுக்கக்கூடிய நிலையில் கைவிட்டுவிட்டு, சிறுநீரகம் கெட்ட பிறகும் மாரடைப்பு வந்த பிறகும் பல லட்சம் கொடுக்கும் ஏற்பாடு நோயாளிக்கும் நல்லதல்ல, நிறுவனத்துக்கும் நல்லதல்ல என்பது என் உறுதியான கருத்து. ஒழுங்குமுறை ஆணையம் இதைக் கையில் எடுக்க வேண்டும்.

எனக்கு பி.எம்.ஐ. 33. சர்க்கரையும் உண்டு. இந்தியர்களுக்கு இந்த அளவிலேயே அறுவை சிகிச்சை செய்யலாம் என்று நிபுணர் சொல்கிறார். 35 இல்லை என்று காப்பீட்டு நிறுவனம் மறுத்துவிட்டது. மருத்துவர் சொல்வது சரியா, கம்பெனி சொல்வது சரியா?
வாசகர், கோவை

மருத்துவத்தின்படி உங்கள் நிபுணர் சொல்வது சரி. ஒப்பந்தத்தின்படி நிறுவனம் சொல்வது சரி. இரண்டுக்கும் இடையில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளி இருக்கிறது.

40, 35 என்ற எண்கள் 1991ஆம் ஆண்டு அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு வகுத்தவை. அன்று இந்த அறுவை சிகிச்சைகளைப் பெரும்பாலும் வயிற்றைப் பெரிதாகத் திறந்தே செய்தார்கள். சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி வந்து ஆபத்து வெகுவாகக் குறைந்த பிறகு, 2022இல் பேரியாட்ரிக் நிபுணர்களின் அமெரிக்கச் சங்கமும் இத்துறையின் சர்வதேசக் கூட்டமைப்பும் சேர்ந்து அந்த அளவுகோலைத் திருத்தின. வேறு நோய் இல்லாவிட்டாலும் 35 முதல் பரிந்துரைக்கலாம், சர்க்கரை போன்ற வளர்சிதை மாற்ற நோய் இருந்தால் 30 முதல் கருதலாம் என்றன. ஆசிய மக்களுக்கு 27.5 முதலே இந்த வாய்ப்பைத் தர வேண்டும் என்றும் சொல்லின. நம்மவர்களுக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்து சர்க்கரை வந்துவிடுகிறது என்பதுதான் காரணம். இந்தியர்களுக்கு 25லிருந்தே பருமன் என்று கொள்ளும் வழக்கம் நம் மருத்துவர்களிடம் 2009 முதல் இருக்கிறது. ஆனால் நம் பாலிசிகள் 1991இன் எண்களையே இன்றும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இந்த வாசகத்தைத் திருத்தக் கோரி மருத்துவச் சங்கங்களும் நோயாளிகளும் ஆணையத்துக்குத் தொடர்ந்து எழுத வேண்டும். எழுதினால் நடக்கும் என்றே நம்புகிறேன்.

உங்கள் வழக்கைப் பொறுத்தவரை, நிபந்தனையில் எண் தெளிவாக எழுதப்பட்டிருப்பதால் முறையீட்டில் வெல்வது கடினம். பொது வாசகத்தைவிடத் தாராளமாகக் கொடுக்க நிறுவனங்களுக்குத் தடையில்லை. ஆகவே உங்கள் பாலிசியின் சலுகைப் பகுதியில் பேரியாட்ரிக் பற்றித் தனிப் பத்தி உள்ளதா என்று மட்டும் பாருங்கள். அறுவை சிகிச்சைக்குத் தகுதி பெற வேண்டும் என்பதற்காக எடையைக் கூட்டிக்கொள்ள நினைக்கவே வேண்டாம். சர்க்கரை நோயாளிக்கு அது உயிரோடு விளையாடுவதாகும்.

புதிதாகப் பாலிசி எடுக்கப் போகிறேன். எடை 112 கிலோ. படிவத்தில் 90 என்று எழுதினால் பிரீமியம் கூடாது என்கிறார் எங்கள் ஊர் முகவர்.
வாசகர், திருநெல்வேலி

எழுதாதீர்கள். கையெழுத்து உங்களுடையது, பொய்யான தகவலுக்குப் பொறுப்பும் உங்களுடையதுதான். தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் பாலிசி நடந்த பிறகு தகவல் மறைப்பைக் காரணம் காட்டிக் கோரிக்கையை மறுக்க முடியாது என்று விதி இருப்பது உண்மை. ஆனால் வேண்டுமென்றே செய்த மோசடிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. 22 கிலோவைக் குறைத்து எழுதியதை மறதி என்று யாரும் ஏற்க மாட்டார்கள். நாளைக்கு டெங்குவுக்குப் படுத்தாலும், மருத்துவமனையில் முதலில் செய்வது எடை பார்ப்பதுதான்.

உண்மையை எழுதினால் பிரீமியத்தைக் கூட்டிக் கேட்கலாம், பரிசோதனைக்கு அனுப்பலாம். ஒரு நிறுவனம் மறுத்தால் இன்னொன்றில் கேளுங்கள். எல்லாரும் ஒரே அளவுகோலை வைத்திருப்பதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டுவிட்டதால், கூடுதல் பிரீமியத்தின் சுமை ஓரளவு குறையும். பாலிசி கைக்கு வந்ததும் முன்மொழிவுப் படிவத்தின் நகலில் உயரமும் எடையும் நீங்கள் சொன்னபடியே பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். தவறு இருந்தால் உடனே திருத்தச் சொல்லி எழுதுங்கள். பிடிக்கவில்லையென்றால் 30 நாட்களுக்குள் திருப்பியும் கொடுத்துவிடலாம்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு 45 கிலோ குறைந்தேன். வயிற்றுத் தோல் மடிந்து தொங்குகிறது. மடிப்பில் அடிக்கடி புண் வருகிறது. அதை நீக்கக் காப்பீடு உண்டா?
வாசகி, புதுச்சேரி

தோற்றத்துக்காக என்றால் இல்லை. அழகுச் சிகிச்சைக்கான விலக்கு எண் 08இல் ஒரு விதிவிலக்கு இருக்கிறது: உடலுக்கு நேரடியான, உடனடியான ஆபத்தை நீக்குவதற்கு மருத்துவ ரீதியாக அவசியம் என்று சிகிச்சையளிக்கும் மருத்துவர் சான்றளித்தால் ஏற்கலாம். புண்ணுக்கு எத்தனை முறை சிகிச்சை பெற்றீர்கள், என்ன மருந்து கொடுத்தார்கள் என்ற சீட்டுகளோடும் தோல் மருத்துவரின் கடிதத்தோடும் முன் அனுமதி கேளுங்கள். எளிதில் கிடைக்காது, ஆனால் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைபோசக்‌ஷனுக்கு இந்த வழியில் போக வேண்டாம்.

என் உயரம் 165 சென்டிமீட்டர். முதலில் மருத்துவரைப் பார்த்தபோது எடை 97 கிலோ. கடுமையான ஸ்லீப் அப்னியா இருந்தது. அறுவை சிகிச்சைக்கு முன்பு இரண்டு வாரம் திரவ உணவில் இருக்கச் சொன்னார்கள். மருத்துவமனையில் சேர்ந்த அன்று 94 கிலோ. பி.எம்.ஐ. 35க்குக் கீழே என்று சொல்லிக் கோரிக்கையை நிராகரித்துவிட்டார்கள். மருத்துவர் சொன்னபடி நான் கேட்டதற்குத் தண்டனையா இது?
வாசகர், வேலூர்

உங்கள் கோபம் நியாயமானது. 97 கிலோவுக்கு பி.எம்.ஐ. 35.6, 94 கிலோவுக்கு 34.5. அறுவை சிகிச்சை வேண்டும் என்று முடிவானபோது நீங்கள் நிபந்தனைக்குள் இருந்தீர்கள். கல்லீரலின் கொழுப்பைக் குறைத்துச் சுருங்க வைத்தால்தான் இரைப்பையை எளிதில் அணுக முடியும் என்பதற்காக, அந்தத் திரவ உணவை அறுவை சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கொடுக்கிறார்கள். எந்த நாளின் எடையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பொது வாசகம் சொல்லவில்லை. காப்பீட்டு ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் இரு பொருள் தந்தால், அதை எழுதிய நிறுவனத்துக்கு எதிராகவும் பாலிசிதாரருக்குச் சாதகமாகவும் பொருள் கொள்ள வேண்டும் என்பது நீதிமன்றங்கள் நெடுங்காலமாகக் கடைப்பிடிக்கும் கொள்கை. உங்கள் முறையீட்டின் அடிப்படை இதுதான்.

முதலில் அறுவை சிகிச்சை நிபுணரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். முதல் ஆலோசனையின் தேதி, அன்றைய எடை, அறுவை சிகிச்சைக்கு முடிவெடுத்த நாள், திரவ உணவு எதற்காக, எத்தனை நாளைக்கு எழுதப்பட்டது ஆகியவை அதில் இருக்க வேண்டும். தூக்கப் பரிசோதனை அறிக்கையையும் இணையுங்கள். நிராகரிப்புக் கடிதத்தைத் திரும்பப் படியுங்கள்: எந்த விதியின் கீழ் மறுக்கிறார்கள் என்று குறிப்பிட வேண்டும், நிறுவனத்தின் கோரிக்கை மறுஆய்வுக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் மறுக்கவும் கூடாது. அந்த ஒப்புதல் பெறப்பட்டதா என்று உங்கள் கடிதத்திலேயே கேளுங்கள்.

இவற்றோடு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஆணையத்தின் ‘பீமா பரோசா’ இணையதளத்திலும் பதிவு செய்யுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தி தராவிட்டால், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில், அண்ணா சாலையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கையை அவர் விசாரிக்கலாம். நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். அவர் அளிக்கும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். உங்களுக்கு அது பிடிக்கவில்லையென்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் வழி திறந்தே இருக்கும். ஒரே நேரத்தில் இரண்டு இடத்திலும் மனுச் செய்யக்கூடாது என்பதால், நுகர்வோர் வழக்கை இப்போதே போட்டுவிடாதீர்கள்.

மருத்துவமனையின் மூல ஆவணங்களை யாரிடமும் கொடுத்துவிடாமல், நகல்களை மட்டும் அனுப்புங்கள். முதல் ஆலோசனைச் சீட்டில் 97 என்று எழுதிய அந்தப் பக்கம்தான் உங்கள் முக்கிய ஆதாரம். அதை வண்ண நகல் எடுத்து, மருத்துவமனையின் முத்திரையும் பெற்று முதல் இணைப்பாக வையுங்கள்.